முதல் சொடுக்கு

துப்பாக்கித் தொழிற்சாலையின் வரைபட அறையில் அவளை நிழல் என்றுதான் கூப்பிட்டார்கள். அந்தப் பேரை வைத்தவள் பக்கத்து மேசைக் கண்ணாடிக்காரி. "நீ வர்றதும் தெரியல, போறதும் தெரியல. சாயங்காலம் பாத்தா வேலை மட்டும் முடிஞ்சு கிடக்கு. வேற என்னன்னு கூப்பிடறதாம்?" என்றாள் ஒருநாள். அறையே சிரித்தது. இவளும் குனிந்த தலை நிமிராமல் சிரித்தாள். பேர் ஒட்டிக்கொண்டது.

பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவள்தான். ஆனால் கை மட்டும் நூல் பிடித்தாற்போல ஓடும். அந்தக் கைக்காகத்தான் வேலை கொடுத்தார்கள். துப்பாக்கியை உருவாக்கும் மேஸ்திரி பென்சிலால் போட்டுக் கொடுக்கும் படத்தின் மேல் கண்ணாடி போன்ற தாளை விரித்து, மைப் பேனாவால் கோட்டுக்குக் கோடு நகல் எடுக்க வேண்டும். அந்த நகலிலிருந்து நீலப் பிரதிகள் எடுத்துப் பட்டறைக்கு அனுப்புவார்கள். பட்டறைக்காரன் அதைப் பார்த்துத்தான் இரும்பை வெட்டுவான். தாளில் உள்ளது இரும்பில் வரும். தாளில் இல்லாதது வராது.

மேஸ்திரி படம் வரையப் படித்தவர் இல்லை. கடைசல் பட்டறையில் வேலை பார்த்தவர். நடுவில் போருக்குப் போனார். சேற்றில் விழுந்த துப்பாக்கி சுட மறுத்துவிட்டது என்றும், பக்கத்தில் கிடந்தவன் அதனால் செத்தான் என்றும் சொல்வார்கள். அவராக அதைச் சொன்னதில்லை. திரும்பி வந்ததும் ஒரே பிடியாக நின்றார். சேற்றில் விழுந்தாலும் சுட வேண்டும், மணலில் புதைந்தாலும் சுட வேண்டும், எழுத்து தெரியாதவன் கையிலும் சுட வேண்டும். படித்த பொறியாளர்கள் பாகங்களை இடைவெளி இல்லாமல் நெருக்கிப் பொருத்துவதுதான் திறமை என்றிருந்தார்கள். அவர் இடைவெளி விடச் சொன்னார். "நெருக்கிப் பிடிச்சா மண்ணு பூந்ததும் மூச்சு முட்டும். காத்தோட்டமா விடு" என்பார், வீடு கட்டுகிறவர் மாதிரி.

யாராவது அவரைக் கண்டுபிடிப்பாளர் என்று புகழ்ந்தால் கூசுவார். "பூட்டுற விதம் ஒரு நாட்டுக்காரனோடது. வெடிச்ச காத்தைத் திருப்பி விடற குழாய் இன்னொருத்தனோடது. விசையை எவனோ எப்பவோ பண்ணான். நான் தையல்காரன் மாதிரி. துணி எதுவும் என்னுது இல்ல. தைச்சது மட்டும் நான்."

அந்த மேஸ்திரியிடம் ஒரு தொல்லை உண்டு. கரி உதிரும் மெத்தென்ற பென்சிலால் அழுத்தி அழுத்தி வரைவார். மேலே தாளை விரித்தால் கரி ஒட்டிக்கொண்டு நகல் முழுக்க அழுக்காகும். அதற்கு வரைபட அறைப் பெண்கள் ஒரு வழி கண்டுபிடித்து வைத்திருந்தார்கள். அவர் படத்தைக் குப்புறப் போடுவார்கள். அடியில் விளக்கு எரியும் மேசை, மெல்லிய தாள், கோடுகள் பின்பக்கமாகவே தெளிவாகத் தெரியும். அப்படியே நகல் எடுத்துவிட்டு, மை காய்ந்ததும் நகலைத் திருப்பிப் போடுவார்கள். இடம் வலமாக இருந்த படம் நேராகிவிடும். பிறகுதான் அளவுகளையும் எழுத்துகளையும் எழுதுவார்கள். இப்படி ஒரு வழி இருப்பது அந்த அறைக்கு வெளியே யாருக்கும் தெரியாது. கரி ஒட்டாத நகல் எப்படி வருகிறது என்று மேஸ்திரியே ஆச்சரியப்பட்டதுண்டு.

புதுத் துப்பாக்கியின் படங்களை வரைந்த அந்தக் குளிர்காலத்தில் அவளுக்குத் தங்கையின் கல்யாணப் பேச்சு நடந்துகொண்டிருந்தது. மனம் பாதி அங்கே இருந்தது. அன்று அவள் மேசைக்கு வந்தது கட்டைவிரல் நகமளவு ஒரு துண்டின் படம். துப்பாக்கியின் பக்கவாட்டில் ஒரு லிவர் உண்டு. அதை மேலே வைத்தால் துப்பாக்கி சுடாது. கீழே தள்ளினால் இந்தத் துண்டு உள்ளே சுழலும். துண்டின் விளிம்பில் இரண்டு வெட்டுகள். ஒன்று மேலோட்டமானது, அது வந்து நின்றால் விசையை இழுக்கும்போது ஒரே ஒரு குண்டு போகும். இன்னொன்று ஆழமானது, அது வந்து நின்றால் விரலை எடுக்கும்வரை குண்டு மழை. மேஸ்திரி வரைந்தபடி லிவர் டக்கென்று நிற்கும் முதல் சொடுக்கில் ஒற்றைக் குண்டு. இரண்டாவது சொடுக்கில் மழை.

அவள் படத்தைக் குப்புறப் போட்டு நகல் எடுத்தாள். மை காய்ந்தது. திருப்பிப் போட மறந்துவிட்டாள். அப்படியே அளவுகளை எழுதினாள். இடப்பக்கமும் வலப்பக்கமும் ஒரே சாயலாக இருந்த சின்னத் துண்டு அது. சரிபார்த்தவர் கண்ணுக்கும் படவில்லை.

பரிசோதனைத் திடலில்தான் தெரிந்தது. ஒரு சிப்பாய் ஒற்றைக் குண்டுக்காக லிவரை ஒரு சொடுக்குத் தள்ளி விசையை இழுத்தான். குண்டு மழையில் மணல் மேடு புகைந்துவிட்டது.

மறுநாள் மேஸ்திரி அந்தத் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு வரைபட அறைக்கு வந்தார். நேராக அவள் மேசைக்கு வந்து, துண்டையும் தன் பென்சில் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். அவளுக்குப் பார்த்ததுமே புரிந்துவிட்டது. வேலை போயிற்று என்று நினைத்தாள்.

"பயப்படாதம்மா. பெரிய அதிகாரிக்கு இதுதான் பிடிச்சிருக்காம்" என்றார் அவர். "பயந்தவன் கைக்கு முதல்ல மழை கிடைக்கட்டும்கிறார். நிதானமா இருக்கறவன் தாண்டிப் போய் ஒத்தைக் குண்டை எடுத்துக்குவானாம். உன் தப்பை அரசாங்கமே தத்தெடுத்துக்கிச்சு."

கண்ணாடிக்காரி களுக்கென்று சிரித்தாள். மேஸ்திரி சிரிக்கவில்லை. குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"எனக்கு மனசு ஒப்பல. ஒண்ணு சுட்டுட்டு ஒரு கணம் யோசிக்க இடம் இருக்கட்டும்னுதான் அப்படி வெச்சேன். திருப்பி வரையறேன்னு நீ ஒரு வார்த்தை சொன்னா, நான் போய்ச் சண்டை போடறேன். ஒரு பொழுது வேலை. என்னம்மா சொல்ற?"

அவள் மைக்கூட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். திருப்பி வரைந்தால் அது தப்பு என்று ஆகும். தப்புக்கு ஒரு பேர் வேண்டும். அந்தப் பேர் அவளுடையது. விட்டுவிட்டால் அது தப்பே இல்லை. அவள் வாய் திறக்கவில்லை. எதற்கும் வாய் திறக்காதவள்தானே. அவர் துண்டை எடுத்துக்கொண்டு போனார்.

வரைபட அறை அக்காவின் கைவேலை என்று பட்டறையில் அந்தத் துண்டுக்கு அக்கா துண்டு என்று பேர் வந்தது. ஒரு பெட்டி அக்கா துண்டு எடுத்து வா, இந்த அக்கா துண்டுக்கு முனை சரியில்லை என்று பேசிக்கொள்வார்கள். அதே பட்டறையின் சரக்கறையில் வேலை பார்த்த ஒருவர், அக்கா யாரென்று பார்க்க வந்து, பிறகு பல சாக்குச் சொல்லி வந்து, கடைசியில் அவளைக் கல்யாணம் செய்துகொண்டார். வாய் ஓயாதவர். வீட்டில் அவர் பேசுவார், அவள் கேட்பாள். இருவருக்கும் அது ஒத்துப்போனது.

துப்பாக்கி எல்லை தாண்டியது. நட்பு நாடுகளிலிருந்து தொப்பி வைத்தவர்கள் வந்தார்கள். தகரக் குழாய்களில் படங்களைச் சுருட்டி அவர்களுக்குக் கொடுத்தனுப்பினார்கள். ஒரு நாட்டில் கட்டைப் பிடியை எடுத்துவிட்டு மடக்குப் பிடி வைத்தார்கள். இன்னொரு நாட்டில் குழலைத் தடிப்பாக்கினார்கள். எழுத்துகளை அவரவர் மொழியில் மாற்றிக்கொண்டார்கள். அந்தச் சின்னத் துண்டை மட்டும் ஒருவரும் தொடவில்லை. ஏன் அப்படி இருக்கிறது என்று தெரியாததாலேயே தொடவில்லை. மலைப் பிரதேசங்களில் படமே இல்லாமல், ஒரு துப்பாக்கியைப் பிரித்துப் போட்டு, அரத்தால் ராவி ராவி அதே போல இன்னொன்று செய்கிறார்கள் என்று பத்திரிகையில் வந்தது. அவர்கள் ராவிய துண்டிலும் ஆழமான வெட்டு முன்னாலும் மேலோட்டமான வெட்டு பின்னாலும்தான் இருந்திருக்கும்.

புரட்சிக்காரர்களும் அதைப் பிடித்தார்கள், அவர்களை அடக்கப் போனவர்களும் அதையே பிடித்தார்கள். சுவரில் வரைந்தார்கள், கொடியில் போட்டார்கள், பொம்மையாக விற்றார்கள். கணவர் பத்திரிகைப் படத்தைக் கத்தரித்து வந்து சமையல்கட்டில் நீட்டுவார். "இந்தா, உன் கைவேலை. இந்தத் தடவை எங்க போயிருக்கு பாரு. நானும் நீயும் பஸ் ஏறிப் பக்கத்து ஊர் போனதில்ல."

அவளுக்குப் பெருமையாகத்தான் இருந்தது. விசேஷ வீடுகளில் உறவுக்காரர்கள் "எங்க, அந்தக் கையைக் காட்டு" என்பார்கள். வெட்கப்படுவாள். ஆனால் கையை மடக்கியதில்லை.

கல்யாணமாகி வெகுகாலம் கழித்து ஒரு மகன் பிறந்தான். வளர்ந்து கண்ணாடிக் கடையில் ஜன்னல் கண்ணாடி அறுக்கும் வேலைக்குப் போனான். அப்பாவின் வாய் அவனுக்கு வரவில்லை. அம்மாவின் கை வந்திருந்தது. அதே கடையில் வேலை பார்த்த சுருட்டை முடிக்காரன் அவனுக்கு உயிர்ச் சிநேகிதன். தாயில்லாத பிள்ளை. சுருட்டை என்றுதான் தெருவே கூப்பிட்டது. பாதி நாள் சாப்பாடு இவள் வீட்டில்தான். "அத்தை, சாப்பாட்டுல உப்பு கொஞ்சம் கம்மி, ஆனா பரவால்ல, நான் பெருந்தன்மையானவன்" என்று சொல்லிக்கொண்டே இரண்டாம் முறை போட்டுக்கொள்வான். அவளைச் சிரிக்க வைத்தவர்களில் கணவருக்கு அடுத்தபடி அவன்தான்.

கணவர் போய்ச் சேர்ந்த மறு வருடம் எல்லையில் சண்டை மூண்டது. இளைஞர்களைப் பட்டாளத்துக்கு எடுத்தார்கள். மகனுக்கும் சுருட்டைக்கும் ஒரே நாளில் ஆணை வந்தது. எந்தத் துப்பாக்கி கொடுப்பார்கள் என்று அவள் கேட்கவே தேவையில்லை.

அன்றிலிருந்து அவளுக்குத் தூக்கம் இல்லை. மகன் சாகக் கூடாது என்று எல்லாத் தாயும் நினைப்பாள். அவளுக்கு அதற்கு மேலும் ஒன்று இருந்தது. அவன் நினைக்காமலே அவன் கையால் ஓர் உயிர் போகக் கூடாது. பயந்தவன் கைக்கு முதலில் கிடைப்பது எது என்று அவளுக்குத் தெரியும். அவள் மகன் பயந்த சுபாவம்.

ஒருநாள் மத்தியானம் அவனைச் சமையல்கட்டுக்குக் கூப்பிட்டாள். கேஸ் அடுப்பின் மேல் ஒரு தீக்குச்சியைக் கிழித்துப் பிடித்தாள்.

"இந்தக் குமிழைத் திருப்பு."

அவன் திருப்பினான். தீ பெரிதாக எரிந்தது.

"இன்னும் திருப்பு. தாண்டிப் போ."

தீ சிறுத்து சிம்முக்கு வந்தது.

"அது உள்ளயும் இப்படித்தான். முதல்ல தள்ளினதும் பெருந்தீ. அங்க நிக்காத. தாண்டிப் போயிடு. கடைசிச் சொடுக்குலதான் ஒண்ணொண்ணா வரும்."

"அதெல்லாம் அங்க சொல்லிக் குடுப்பாங்கம்மா."

"சொல்லிக் குடுக்கறது காதுக்குப் போகும். கைக்குப் போகாது. திருப்பு."

அவன் திருப்பினான். அணைத்தாள். மறுபடி திருப்பச் சொன்னாள். கண்ணை மூடிக்கொண்டு திருப்பச் சொன்னாள். பின்னாலிருந்து தட்டைத் தடாலென்று போட்டுவிட்டுத் திருப்பச் சொன்னாள். சத்தம் கேட்டுத் திடுக்கிட்டபோதெல்லாம் அவன் விரல் பெருந்தீயிலேயே நின்றது. "தாண்டு" என்பாள். நாள்தோறும் நடந்தது. கடைசியில் என்ன சத்தம் போட்டாலும் அவன் விரல் நிற்காமல் தாண்டிப் போகப் பழகியது.

அப்படி ஒருநாள் பழகிக்கொண்டிருக்கும்போது வாசலில் சுருட்டையின் குரல் கேட்டது. "அத்தை, என்ன தட்டு உருளுது? மாமியார் மருமகச் சண்டைக்கு இப்பவே ஒத்திகையா?" கேட்டுக்கொண்டே உள்ளே வந்துவிட்டான். அவள் சட்டென்று அடுப்பை அணைத்து, மேலே ஒரு பாத்திரத்தை வைத்தாள். அடுத்த வீட்டுப் பிள்ளையிடம் இதை எப்படிச் சொல்வது? பைத்தியக்காரி என்று நினைப்பான். தெருவில் சொல்லிச் சிரிப்பான். "ஒண்ணுமில்லப்பா, கை தவறிடுச்சு" என்றாள். மகனும் ஒன்றும் சொல்லவில்லை. சுருட்டை பாத்திரத்தைத் திறந்து பார்த்தான். உள்ளே ஒன்றும் இல்லை. "நல்ல சமையல்" என்று சொல்லி மூடினான்.

இருவரும் ஒரே வண்டியில் போனார்கள்.

சண்டை ஓய்ந்து மகன் திரும்பி வந்தபோது அவன் உடம்பில் ஒரு கீறல் இல்லை. குளித்தான், சாப்பிட்டான், சுவரைப் பார்த்து உட்கார்ந்தான். அவள் பல நாள் பொறுத்துப் பார்த்தாள். பிறகு, தட்டைக் கழுவிக்கொண்டே முதுகைக் காட்டியபடி கேட்டாள்.

"உன் கையால ஏதாவது..."

"இல்லம்மா. ஒரு உயிர் கூட இல்ல."

அவள் குழாயை மூடினாள். கண்ணில் நீர் தளும்பியது. பிழைத்தேன் என்று நினைத்தாள்.

அவனாகப் பேசத் தொடங்கினான். ஒரு பாலத்தில் காவலுக்கு நின்றிருந்தார்களாம், அவனும் சுருட்டையும் பக்கத்தில் பக்கத்தில். இருட்டும் நேரம். விளக்குப் போடாமல் ஒரு வண்டி வந்தது. கையைக் காட்டினார்கள், நிற்கவில்லை. இருவரும் லிவரைத் தள்ளினார்கள். இவன் விரல் தானாகத் தாண்டிப் போய் இரண்டாவது சொடுக்கில் நின்றது. அந்த ஒரு கணத்தில் வண்டிக்குள் பாய்மூட்டையும் அலமாரியும் தெரிந்தன. வீடு மாற்றிப் போகிறவர்கள். இவன் சுடவில்லை.

"சுருட்டை ரோட்டுல ஒண்ணு சுட்டு நிறுத்தலாம்னுதான் நினைச்சான். ஒண்ணே ஒண்ணு. அவனே அப்படித்தான் சொல்றான். முதல் சொடுக்குல விரல் நின்னுடுச்சு. விசையை விடறதுக்குள்ள எல்லாம் முடிஞ்சுபோச்சு. உள்ள அஞ்சாறு பேரும்மா. குழந்தைங்க."

அவள் அடுப்பைத் திரும்பிப் பார்த்தாள்.

"உனக்குத் தெரியும். அன்னிக்கு அவன் இங்கதான் நின்னான்" என்றான் மகன். குரலில் கோபம்கூட இல்லை. "எனக்கு மட்டும் ஏன் சொன்ன?"

அவள் கழுவின தட்டையே மறுபடி துடைத்தாள். பிறகு அவனே, "நானும் சொல்லியிருக்கலாம். கேலி பண்ணுவான்னு விட்டுட்டேன்" என்றான்.

மறுவாரம் அவள் தொழிற்சாலைக்குப் போனாள். வாசலில் மேஸ்திரிக்குச் சிலை வைத்திருந்தார்கள், கையில் துப்பாக்கியோடு. உயிரோடிருந்தால் கூசியிருப்பார். வரைபட அறையில் விளக்கு மேசைகள் இல்லை, கணினிகள் இருந்தன. இப்போதைய தலைமை வரைபடக்காரர் மரியாதையாக நாற்காலி போட்டார். அவள் சொல்ல வந்ததைக் கேட்டுவிட்டு, திரையில் அந்தத் துண்டைப் பெரிதாக்கிக் காட்டினார்.

"மாத்த முடியாதும்மா. உலகம் பூரா இதுக்கு விரல் பழகிப்போச்சு. இப்ப திருப்பி வெச்சா பழகின விரல் எல்லாம் தடுமாறும். அதுல எத்தனை உயிர் போகுமோ."

அவர் சொன்னது சரிதான். அவளுக்கே தெரிந்தது.

"அதுவுமில்லாம பெரியவர் எவ்வளவு யோசிச்சு இப்படி வெச்சிருப்பார்" என்றார்.

"யாரும் யோசிக்கல தம்பி" என்றாள் அவள். "நான் தாளைத் திருப்ப மறந்துட்டேன். அவர் கேட்டப்ப வாயத் திறக்கல."

அவர் அதை வயதானவளின் வேடிக்கைப் பேச்சாக எடுத்துக்கொண்டு சிரித்தார். வாசல்வரை வந்து வழியனுப்பினார்.

திரும்பும் வழியில் அவள் வீட்டுக்குப் போகவில்லை. சுருட்டை வீட்டுக்குப் போனாள். இத்தனை வருடத்தில் அவன்தான் அவள் வீட்டுக்கு வந்தானே தவிர, அவள் அந்த வாசற்படி ஏறியதில்லை. கதவு திறந்திருந்தது. அவன் அப்பா வேலைக்குப் போயிருந்தார். அவன் கட்டிலில் உட்கார்ந்திருந்தான். வலது கையின் கட்டைவிரலை மற்ற விரல்களுக்குள் மடக்கி வைத்திருந்தான். கண்ணாடி அறுக்கும் வேலைக்கு அவன் திரும்பப் போகவில்லை என்று மகன் சொல்லியிருந்தான்.

"வாங்க அத்தை" என்றான். பிறகு கேட்டான். "அன்னிக்குப் பாத்திரத்துக்கு அடியில என்ன மறைச்சீங்க? அங்க இருந்தப்ப பல தடவை யோசிச்சேன். கேக்கணும்னு நினைச்சு நினைச்சு மறந்துடுவேன்."

அவள் சொன்னாள். குளிர்காலத்தில் வந்த படத்திலிருந்து, மேஸ்திரி கேட்ட கேள்வியிலிருந்து, அடுப்புவரை. வாழ்நாளில் ஒரே மூச்சில் அவ்வளவு பேசியதில்லை. "அது உன் விரல் பண்ணது இல்லப்பா" என்று முடித்தாள்.

அவன் கேட்டுக்கொண்டே இருந்தான். பிறகு எழுந்து அடுப்பங்கரைக்குப் போனான். அவளும் பின்னால் போனாள். அவன் தீக்குச்சியைக் கிழித்து, மடக்கி வைத்திருந்த விரலை மெல்ல வெளியே எடுத்து, குமிழைத் திருப்பினான். தீ குப்பென்று எழுந்தது. விரல் அங்கேயே நின்றது.

அவள் வாயைத் திறந்தாள். தாண்டு என்று சொல்ல வேண்டும். சொல்ல வரவில்லை.

"இங்கதான் நின்னுச்சு" என்றான் சுருட்டை. வெறும் அடுப்பில் தீ முழுசாக எரிந்துகொண்டிருந்தது. இருவரும் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். யாரும் அதைக் குறைக்கவில்லை.